கபோர்டு கதவு ஒட்டலையா? ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறதுக்கு முன்னாடி ரசமட்டத்தை வைங்க!

வீட்டுக்கு டைல்ஸ் போட்டு, பெயின்ட் அடிச்சு, எல்லாத்தையும் பளிச்சுனு ஆக்கின மறுவாரம் பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த கபோர்டு கதவு மட்டும் ஒட்ட மாட்டேங்குது!" வேலை ஆரம்பிக்கும் முன்னால் ஒழுங்காக மூடிக்கொண்டிருந்த கதவுதான். இப்போது ஒரு பக்கம் உரசுகிறது, இன்னொரு பக்கம் விரல் போகிற அளவுக்கு இடைவெளி.

ஆடலூரில் இருக்கும் என் அத்தை வீட்டிலும் இதே கதைதான். பழைய சிமென்ட் தரையை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிய வேண்டிய வேலை கார்த்திகை வரை இழுத்தது. பெட்டியில் பலகைகளாக வந்து, வீட்டில் மாட்டிய இரட்டைக் கதவு கபோர்டு ஒன்று உண்டு. 90 செ.மீ. அகலம், 180 செ.மீ. உயரம். அதைக் கழற்றி வராண்டாவில் சாத்தி வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டினார்கள். இடது கதவு வலது கதவைவிட அரை சென்டிமீட்டர் கீழே தொங்கியது.

அத்தை மகன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். ஒரு வாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லா ஸ்க்ரூவையும் திருகினான். ஒரு நாள் மேல் கீல் பலகையோடு பிய்த்துக்கொண்டு கையில் வந்துவிட்டது. அந்த அளவு பார்ட்டிக்கிள் போர்டு கதவு ஒன்று ஏறத்தாழ 10 கிலோ இருக்கும். கீழே ரெண்டரை வயசுப் பேத்தி சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, மீதிக் கீல்கள் பிடித்துக்கொண்டன.

திண்டுக்கல்லில் இருந்து கார்பென்டரை வரச் சொன்னால், "காப்பிப் பழம் பறிக்கிற நேரத்துல ஆளுங்க கிடைக்க மாட்டாங்க, மலை ஏறி இறங்கவே ஒரு நாள் போயிடும், ரெண்டு நாள் கூலி ஆகும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. தருமத்துப்பட்டி தாண்டி, பன்றிமலை வழியாக வளைந்து வளைந்து ஏறி வர வேண்டும். முழு பீரோவை அந்த வளைவுகளில் வேனில் கட்டிக் கொண்டுவருவதே தனிப் போராட்டம். தட்டையான அட்டைப்பெட்டியில் வரும் கபோர்டுகள் மலை ஊர்களுக்கு வந்து சேர்ந்ததற்கு இந்தச் சாலைகளும் ஒரு காரணம். 1956-ல் ஐகியா நிறுவனத்தில் வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென், ஒரு மேஜை காருக்குள் நுழையாததால் அதன் கால்களைக் கழற்றி வைத்தாராம். இந்த வகை ஃபர்னிச்சரின் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள். கழற்றி மாட்டுவது சுலபம்தான். ஆனால் ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் பிடிப்பு கொஞ்சம் போகும் என்பதை அட்டைப்பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை.

குற்றவாளி கதவு இல்லை, பெட்டி

இந்தக் கதவுகளில் இருப்பது கடைகளில் 'ஆட்டோ ஹிஞ்ச்' என்று கேட்டால் கொடுக்கும் கீல். கதவில் 35 மி.மீ. விட்டமுள்ள குழிக்குள் அதன் கிண்ணம் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூவைத் திருகி கதவை மேலே, கீழே, பக்கவாட்டில், முன்னே பின்னே நகர்த்தலாம். எவ்வளவு நகரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான கீல்களில் ஒவ்வொரு திசைக்கும் சுமார் 2 மி.மீ., அவ்வளவுதான். அத்தை வீட்டுக் கதவு 5 மி.மீ. இறங்கியிருந்தது. கீலால் முடியாத வேலையைக் கீலிடம் கேட்டால், அது ஸ்க்ரூவைப் பிய்த்துக்கொண்டு வரும்.

அதனால் முதலில் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 2 மி.மீ.க்குள் என்றால் நேராகக் கீலுக்குப் போகலாம். அதற்கு மேல் என்றால் பெட்டியைப் பாருங்கள்.

பெட்டி ஏன் கோணுகிறது? புதுத் தரை பழைய தரை மாதிரி இருக்காது. சமையலறையிலும் பின்வாசல் பக்கத்திலும் தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். கண்ணுக்குத் தெரியாது, கழுவிவிட்டால் தண்ணீருக்குத் தெரியும். அந்த வாட்டத்தில் கபோர்டின் ஒரு பக்கம் உட்கார்ந்தால், அந்தப் பக்கப் பலகை இறங்கும். அதில் தொங்கும் கதவும் கூடவே இறங்கும். பின்பலகை இறுக்கமாக இருந்தால் பெட்டி மொத்தமாகச் சாயும். கதவுகள் ஒன்றுக்கொன்று சரியாகவே இருக்கும். கழற்றி மாட்டியதில் பின்பலகை லூஸாகியிருந்தால் பெட்டி சாய்சதுரமாக இழுத்துக்கொள்ளும். மெல்லிய ஹார்டுபோர்டுதானே என்று அந்தப் பின்பலகையை அலட்சியமாக நினைக்காதீர்கள். பெட்டியை மூலைமட்டத்தில் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

கண்டுபிடிக்க ரெண்டு சோதனை போதும். ஒன்று, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம். ஹார்டுவேர் கடையில் சின்னதாகவும் கிடைக்கும். கபோர்டின் உச்சியில் இடவலமாக ஒரு தடவை, முன்பின்னாக ஒரு தடவை வைத்துப் பாருங்கள். போனில் இருக்கும் ஆப் அவசரத்துக்கு ஓகே, ஆனால் கேமரா புடைத்திருக்கும் போனைப் படுக்க வைத்தால் அது தப்பாகத்தான் காட்டும்.

இரண்டாவது, டேப். இடது மேல் மூலையில் இருந்து வலது கீழ் மூலைக்கும், வலது மேல் மூலையில் இருந்து இடது கீழ் மூலைக்கும் அளந்து பாருங்கள். ரெண்டும் ஒன்றாக வர வேண்டும். 90-க்கு 180 பெட்டியில் ஏறத்தாழ 201 செ.மீ. வரும். ஒரு பக்கம் 5 மி.மீ. இறங்கியிருந்தால் இந்த ரெண்டு அளவுக்கும் நடுவில் 9 மி.மீ. வித்தியாசம் காட்டும். ரசமட்டத்தில் சந்தேகமாகத் தெரிகிறது டேப்பில் பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடும். டேப் இல்லையென்றால் ஒரு சணல் கயிறு போதும்.

பெட்டியை நிமிர்த்துவது எப்படி?

முதலில் உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எடுங்கள். பித்தளைப் பாத்திரமும் குக்கரும் இட்லிப் பானையும் இருக்கும்போது எந்தப் பெட்டியும் நிமிராது. "கொஞ்சம்தானே, அப்படியே தூக்கிடலாம்" என்று ஆரம்பித்தால் கால் உடையும். கபோர்டு காலைச் சொல்கிறேன்.

கீழே திருகும் கால்கள் இருந்தால் வேலை சுலபம். இறங்கிய பக்கத்துக் காலைத் திருகி உயர்த்துங்கள். ஒரு சுற்று, ரசமட்டம், மறுபடி ஒரு சுற்று. கால் இல்லாத பெட்டி என்றால் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு அட்டையை மடித்து வைப்பதுதான் நம்ம ஊர் வழக்கம். தரை துடைக்கும் தண்ணீரை உறிஞ்சி அது ஒரே மாதத்தில் நசுங்கிவிடும். சன்மைக்கா வெட்டு மீதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஒரு துண்டு ஏறத்தாழ 1 மி.மீ. தடிமன் என்பதால் எத்தனை மி.மீ. ஏற்றுகிறோம் என்ற கணக்கும் கையிலேயே இருக்கும். அத்தை வீட்டில் அஞ்சு துண்டு வைத்தோம்.

நிமிர்த்திய பிறகும் குறுக்களவு ஒத்துவரவில்லையா? பின்பலகையின் ஆணிகளையோ ஸ்க்ரூக்களையோ ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். எந்தக் குறுக்களவு நீளமாக இருக்கிறதோ, அந்த ரெண்டு மூலைகளையும் ஒன்றை நோக்கி ஒன்று மெதுவாக அழுத்துங்கள். அளவு ஒன்றானதும் ஒருத்தர் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தர் பின்பலகையை அடித்துவிட வேண்டும். இதை மட்டும் தனியாகச் செய்ய முடியாது.

மூலைகளில் வட்டமாக ஒரு உலோகப் பொட்டு தெரியும். கார்பென்டர்கள் 'மினிஃபிக்ஸ்' என்பார்கள். அது லூஸாக இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் திருப்பினாலே பூட்டிக்கொள்ளும். இறுகியதும் நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரு திருகு சேர்த்து வைப்போமே என்று ஆசைப்பட்டால் உள்ளே பலகை மாவாக உதிரும், அப்புறம் அந்த மூலை பூட்டவே பூட்டாது.

சுவரில் தொங்கும் கபோர்டுக்கு இதே பிரச்னை வேறு வழியில் வரும். சுவரில் புதுசாகப் பூச்சோ டைல்ஸோ பாதி உயரம் வரை ஏறியிருக்கும். அடிப்பாகம் முன்னே தள்ளிக்கொண்டு, மேல்பாகம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மேல் பிராக்கெட்டின் பின்னால் அதே தடிமனுக்கு முட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும்.

சுவரோடு கட்டினீர்களா?

கதவை விட்டுவிட்டு ஒரு நிமிடம் இதைக் கவனியுங்கள். உயரமான கபோர்டோடும் டிராயர் பெட்டியோடும் சுவரில் பிணைக்க ஒரு சின்னப் பட்டையோ கோணத் தகடோ வரும். புதுப்பிப்பு வேலைக்காகக் கழற்றும்போது அதையும் கழற்றுவோம். திரும்ப மாட்டும்போது புது டைல்ஸைத் துளைக்க மனசு வராமல் விட்டுவிடுவோம். 2016 ஜூனில் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் 2 கோடியே 90 லட்சம் டிராயர் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரோடு பிணைக்காத பெட்டிகள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்ததுதான் காரணம். குழந்தை டிராயரைப் படிக்கட்டு மாதிரி இழுத்து ஏறும். அந்த நேரத்தில் எடை முழுக்க முன்பக்கம் வந்துவிடும். கதவு கனமாக இருந்து, அதைத் திறந்தபடி குழந்தை தொங்கினாலும் இதே ஆபத்துதான்.

செங்கல், கான்கிரீட் சுவர் என்றால் துளை போட்டு ராவல் பிளக் அடித்து ஸ்க்ரூ ஏற்றுங்கள். மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய கல் சுவராக இருந்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் துளை விழக் கூடாது; பிளக் கழன்று வரும். அப்படிப்பட்ட சுவரில் குறுக்காக ஒரு மரச்சட்டத்தை நாலைந்து இடத்தில் பிடித்துவிட்டு, கபோர்டைச் சட்டத்தோடு பிணைப்பது நல்லது.

இப்போது கீலுக்கு வரலாம்

டிரில் மெஷினை ஓரமாக வையுங்கள். கையால் திருகும் ஸ்க்ரூ டிரைவர் மட்டும் போதும். ஸ்க்ரூ தலையில் ஸ்டார் குறிக்குள் இன்னொரு மெல்லிய பெருக்கல் குறி தெரிந்தால் அது போஸிடிரைவ் வகை. கடையில் 'பி.ஸட். 2' என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஸ்டார் முனையைப் போட்டு அழுத்தினால் தலை வழுக்கிப் போகும். ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு கீலையும் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், சொதப்பினாலும் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

கபோர்டு பக்கம் இருக்கும் கீலின் கையைப் பாருங்கள். கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்க்ரூ கதவை இடவலமாக நகர்த்தும். பின்னால் இருப்பது கதவைப் பெட்டியோடு ஒட்டவும் விலக்கவும் செய்யும். கையின் அடியில் பக்கப் பலகையோடு ஒட்டிய தகட்டில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும் ரெண்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் கதவு மேலும் கீழும் நகரும். சில மாடல்களில் உயரத்துக்கென்றே தனியாக ஒரு ஸ்க்ரூ உண்டு.

உயரத்தில் ஆரம்பியுங்கள். ஒருத்தர் கதவை அடியில் தாங்கிக்கொள்ள, எல்லாக் கீல்களின் தகட்டு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று தளர்த்தி, கதவை உயர்த்தி, இறுக்குங்கள். அடுத்து ஒட்டுதல். கதவு மூடும்போது கீல் பக்கமே பெட்டியில் இடித்தால் கொஞ்சம் வெளியே விடுங்கள். கடைசியாக இடவலம். இதுதான் பொறுமை கேட்கும் கட்டம். இடது கதவின் தலை நடுவை நோக்கிச் சாய்ந்து, வலது கதவோடு மேலே உரசுகிறது என்றால், அதன் மேல் கீலை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் இழுத்து, கீழ்க் கீலை அதே அளவு நடுப்பக்கமாகத் தள்ள வேண்டும். எந்தப் பக்கம் திருகினால் எந்தப் பக்கம் போகும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அரைச் சுற்று திருகுங்கள், கதவை மூடிப் பாருங்கள், அடுத்த அரைச் சுற்றைப் பிறகு முடிவு செய்யுங்கள். ரெண்டு கதவுக்கும் நடுவே மேலிருந்து கீழ் வரை 2 அல்லது 3 மி.மீ. சீராக இருந்தால் போதும். இடைவெளியே தெரியக் கூடாது என்று ஒட்டி வைத்தால் அடுத்த மழைக்கு உரசும்.

எத்தனை கீல் இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். பொதுவான கணக்கு: 90 செ.மீ. உயரக் கதவு வரை ரெண்டு, 160 வரை மூணு, ரெண்டு மீட்டர் வரை நாலு. கண்ணாடி ஒட்டிய கதவுக்கு இன்னொன்று சேர்க்கலாம். கழற்றி மாட்டும் அவசரத்தில் நடுக் கீலை மாட்டாமல் விட்ட வீடுகள் உண்டு.

ஸ்க்ரூ சுத்திக்கிட்டே இருக்கு, புடிக்கலையே?

துளை பெரிசாகிவிட்டது என்று அர்த்தம். பலகை நல்லா இருந்தால், மருந்தை நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிக்காலில் தோய்த்து துளையை அடைத்து, விளிம்போடு வெட்டிவிட்டு, காய்ந்ததும் அதே ஸ்க்ரூவை ஏற்றலாம். மூடுபனி இறங்கும் நாட்களில் ஃபெவிக்கால் லேசில் காயாது. ஒரு நாள் முழுக்க விடுங்கள், முடிந்தால் ரெண்டு நாள்.

ஆனால் பார்ட்டிக்கிள் போர்டு ஈரம் குடித்து உப்பி, விரலால் சுரண்டினால் உதிர்கிறது என்றால் தீக்குச்சி வைத்தியம் பலிக்காது. நீளமான ஸ்க்ரூ போடுவதும் வேண்டாம். கதவின் மறுபக்கம் வந்து எட்டிப் பார்க்கும். கீலுக்கு அடியில் அகலமாகப் பிடிக்கும் ஸ்டீல் தகடு ரிப்பேர் பிளேட் என்ற பெயரில் கிடைக்கிறது, நல்ல பலகை இருக்கும் இடம் வரை நீண்டு பிடித்துக்கொள்ளும். அதுவும் சரிப்படவில்லை என்றால் கீலையே சில சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ மாற்றி, புதிதாக 35 மி.மீ. குழி போட வேண்டும். 18 மி.மீ. பலகையில் 12 மி.மீ. வரைதான் ஆழம் போகலாம். டிரில் பழக்கம் இல்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம், இது கார்பென்டர் வேலை. அத்தை வீட்டில் ரெண்டு கீலுக்குத் தகடு போதுமாக இருந்தது, ஒன்றுக்குக் குழி போட வேண்டி வந்தது.

மலை ஈரம் செய்யும் வேலை

ஆடலூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமெல்லாம் வடகிழக்குப் பருவமழை காலத்தில் துணியே காயாது. இந்த ஈரத்தில் மரமும் பார்ட்டிக்கிள் போர்டும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். நிஜ மரக் கதவு கார்த்திகையில் ஊதும், மாசி பங்குனியில் சுருங்கும். அதனால் மழைக்காலத்தில் உரசுகிறதே என்று இழைப்புளி போட்டுச் சீவிவிடாதீர்கள். வெயில் காலத்தில் அங்கே சந்து தெரியும். பார்ட்டிக்கிள் போர்டு தண்ணீர் பட்டு ஒரு தடவை ஊதினால் ஊதினதுதான், பழைய தடிமனுக்குத் திரும்பாது.

அத்தை வீட்டுப் பலகை எங்கே ஈரம் குடித்தது என்று பிறகுதான் புரிந்தது. கொத்தனார் புதுப் பூச்சுக்குத் தினமும் தண்ணீர் அடித்து க்யூரிங் செய்திருக்கிறார். கழற்றிய பலகைகள் ஒரு மாதம் அதே சுவரில் சாய்ந்திருந்தன. வேலை நடக்கும்போது பலகைகளைப் படுக்கை வசத்தில், செங்கல் மேல் சட்டம் வைத்து அடுக்கி, வேறு அறையில் மூடி வையுங்கள். தண்ணீர் அடிப்பதை நிறுத்திய பிறகும் சுவர் சில வாரங்கள் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். கையை வைத்தால் ஜில்லென்று இருக்கும் சுவரோடு கபோர்டை ஒட்டி வைக்க வேண்டாம். பின்னால் ஓர் அங்குலம் காற்றுப் போக இடம் விடுங்கள். குழாய்க்காக வெட்டிய ஓட்டை, உரிந்த விளிம்பு, அடிப்பக்கம் ஆகியவை வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும். அங்கெல்லாம் எட்ஜ் பேண்டோ வார்னிஷோ சிலிகானோ வைத்து அடைத்துவிடுங்கள்.

கீலில் துரு தெரிந்தால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசியோடு சேர்ந்து பிசுக்காகிவிடும்.

அடுத்த தடவை வாங்கும்போது பலகையில் அல்லது பில்லில் இருக்கும் ஐ.எஸ். எண்ணைப் பாருங்கள். 3087 என்றால் பார்ட்டிக்கிள் போர்டு. அதிலேயே மேலே ஷீட் ஒட்டி வருவது 12823. எம்.டி.எஃப். என்றால் 12406. சாதாரண பிளைவுட் 303, மரைன் பிளைவுட் 710. மழை மலையில் சிங்க்குக்குக் கீழே வரும் கபோர்டுக்கு 710-க்குச் செலவழிப்பது தண்டமாகாது. துணி வைக்கும் கபோர்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து.

கார்பென்டரைக் கூப்பிடத்தான் வேண்டும் என்றால், அவரை ரெண்டு தடவை மலை ஏற வைக்காதீர்கள். போனிலேயே பலகையின் தடிமனைச் சொல்லுங்கள். கீலின் கை நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். நேராக இருந்தால் 0 கிராங்க், கொஞ்சம் வளைந்தால் 8, நன்றாக வளைந்து கதவு பெட்டிக்குள்ளேயே அடங்கினால் 15 அல்லது 16. பக்கத்தில் டேப்பை வைத்துக் கீலை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எத்தனை கீல், எத்தனை ரிப்பேர் பிளேட், 35 மி.மீ. பிட் வேண்டுமா என்பதையும் எழுதி அனுப்பினால், திண்டுக்கல் கடையிலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். எங்கள் அத்தை வீட்டுக்கு வந்தவர் காலை பத்து மணிக்கு ஏறி வந்தார், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் குழி போட்டு, கதவை மாட்டி முடித்துவிட்டார். ஒரு நாள் கூலிதான் வாங்கினார்.